கன்னத்துச் சதையை எடுத்த பிறகு நாயனம் வாசிக்க முடியுமா?

சீவாளி (ஜூன் 4, இரவு 11.10)

வணக்கம். எனக்கு 39 வயது. கும்பகோணம் பக்கம். நாயனம், அதாவது நாதஸ்வரம், வாசிப்பது பரம்பரைத் தொழில். நானும் தம்பியும் செட்டாகப் போகிறோம்.

நாலு வருடமாகச் சிறுநீர் நூல் போலத்தான் வருகிறது. கச்சேரி நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சமாளித்து வந்தேன். போன மாசியில் ஒரு கல்யாணத்தில் மண்டபத்துக் கழிவறையில் நின்று சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கிறேன், அங்கே ஐயர் "கெட்டிமேளம்" என்று குரல் கொடுத்துவிட்டார். தம்பி தனியாக வாசித்தான். பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாளே டாக்டரிடம் போய்விட்டேன்.

மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓட்டத்தை அளக்கும் மெஷினில் நொடிக்கு 5 மில்லி. யூரித்ரா என்கிற சிறுநீர்ப்பாதை முன்பக்கம் சுமார் 12 சென்டிமீட்டருக்குச் சுருங்கியிருக்கிறதாம். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று ஒரு தோல் நோய், நுனியில் வெள்ளை வெள்ளையாகத் தொடங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த இடத்துத் தோலையே எடுத்து ஒட்டினால் நோய் ஒட்டிலும் வரும், அதனால் இரண்டு கன்னத்தின் உள்பக்கச் சவ்வையும் எடுத்துப் பாதையை அகலப்படுத்த வேண்டும் என்கிறார் டாக்டர்.

கீழே செய்யப்போவதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. வாயைப் பற்றித்தான். டாக்டர் நல்லவர், பொறுமையாகப் பேசினார். "பத்து நாளில் ஆறிவிடும், எல்லாம் சாப்பிடலாம்" என்றார். ஆனால் நாயனம் ஊதுவதும் சாப்பிடுவதும் ஒன்றா? நாயனத்தின் வாயில் செருகும் நாணல் துண்டான சீவாளியை உதட்டால்தான் பிடிக்கிறோம். நாக்கால் காற்றைத் தட்டித் தட்டித்தான் துத்துகாரம் கொடுக்கிறோம். காற்றைத் தாங்கி நிற்பது கன்னம். இதில் எதைத் தொட்டாலும் நாதம் மாறிவிடுமே என்று பயமாக இருக்கிறது.

ஆடியில் கல்யாணம் இல்லை. ஆடி ஒன்றாம் தேதி வாக்கில் ஆபரேஷன் செய்துகொண்டால் ஆவணி முகூர்த்தங்களுக்கு வாசிக்க முடியுமா? நாலு இடத்தில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். கன்னத்தில் எடுத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளபடி சொல்லுங்கள்.

---

பழைய கண்டக்டர் (ஜூன் 5, காலை 6.25)

தம்பி, எனக்கு 61 வயது. 30 வருடம் பஸ் கண்டக்டர். நானும் வாயில் விசிலை வைத்துப் பிழைத்தவன்தான். அதனால் நீங்கள் கேட்பது எனக்கு நன்றாகப் புரிகிறது.

பஸ் கூரையில் மூட்டை ஏற்றிவிட்டு ஏணியில் இறங்கும்போது கால் வழுக்கி, கம்பியின் மேல் இரண்டு காலும் இரண்டு பக்கமாக விழுந்தேன். அதிலிருந்து அடைப்பு. டெலஸ்கோப் விட்டு உள்ளேயே வெட்டிவிடுவார்களே, அதை மூன்று தடவை செய்தார்கள். முதல் தடவை எட்டு மாதம் தாங்கியது, அடுத்தது ஐந்து மாதம், கடைசியாகச் செய்தது மூன்று மாதம் கூடத் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தழும்பு நீண்டுகொண்டே போனது. அப்புறம்தான் ஒட்டு வைக்கிற ஆபரேஷன். ஒன்பது வருடம் ஆகிறது. இன்று வரை ஓட்டம் நன்றாக இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவதெல்லாம் கஷ்டம்தான். அதைப் படித்துவிட்டு ஆபரேஷனே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

எனக்கு இடது கன்னத்தில் எடுத்தார்கள். வலது கன்னத்தில் பல் கடித்துக் கடித்துப் பழைய தழும்பு இருந்ததால் அதை விட்டுவிட்டார்கள். நீளம் போதவில்லை என்று கீழ் உதட்டின் உள்பக்கத்திலும் ஒரு துண்டு எடுத்தார்கள்.

முதல் நாள் கீழே வலியே தெரியவில்லை, முதுகில் போட்ட ஊசி இருந்தது. வாய்தான் வலித்தது. இரண்டாம் மூன்றாம் நாள் இடது கன்னம் கமர்கட்டை ஒதுக்கி வைத்தது போல வீங்கிவிட்டது. வாயில் ஸ்பூன் நுழையவில்லை. பேரனுக்கு மருந்து புகட்டும் பாலாடையைக் கொண்டுவரச் சொல்லி, ஆறிய ராகிக் கூழை என் மனைவி அதில்தான் ஊற்றினார். எச்சிலை விழுங்கவே யோசிப்பேன். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. கண்ணாடியில் பார்த்தால் உள்ளே ஆடை படிந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. சீழ் என்று பயந்துபோனேன். அது ஆறும் அடையாளம்தான் என்றார்கள். 20 நாளில் அதுவும் போய்விட்டது.

ஆறினாலும் வாய் திறக்கவில்லை. ஒரு விரல்தான் நுழைந்தது. ஐஸ் குச்சிகளை நன்றாகக் கழுவி, அடுக்கி, முன்பல்லுக்கு நடுவில் வைத்து ஐந்து நிமிடம் பிடிக்கச் சொன்னார் பிசியோதெரபி அம்மா. முதல் நாள் ஆறு குச்சி. நாலைந்து நாளுக்கு ஒரு குச்சி கூட்டினேன். மூன்று விரல் நுழைய இரண்டு மாதம் ஆயிற்று. இன்று கன்னத்தில் ஒரு குறையும் இல்லை. நாக்கால் தடவினால் ஒரு வரி தட்டுப்படும், அவ்வளவுதான்.

உதட்டின் கதை வேறு. அங்கே எடுத்தது சின்னத் துண்டுதான், ஆனால் இன்றைக்கும் அந்த இடம் மரத்தே இருக்கிறது, நாலணா அகலத்துக்கு. முதல் ஆறு மாதம் டீ குடித்தால் ஓரத்தில் வழிவது எனக்குத் தெரியாது, எதிரே இருப்பவர் பார்வையை வைத்துத்தான் துடைத்துக்கொள்வேன். சாப்பிடும்போது உதட்டைக் கடித்துவிடுவேன், உப்புக் கரித்தால்தான் ரத்தம் என்று தெரியும். வேலைக்குத் திரும்பினேன். விசிலை வாயில் வைத்தால் அது உதட்டில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஊதினால் ஒரு பக்கம் காற்று ஒழுகும். கூட்டத்தில் படிக்கட்டில் ஆள் தொங்கும்போது விசில் சத்தம் வராவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நாலு மாதம் டிரைவருக்குக் கேட்கும்படி பக்கத் தகரத்தில் தட்டித்தான் வண்டி ஓட்டினோம்.

விசிலுக்கே இப்படி என்றால் சீவாளிக்குச் சொல்லவே வேண்டாம். அதனால் தம்பி, உதட்டைக் கொடுக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்குவார்களே, அந்தத் தாளிலேயே "உதட்டில் எடுக்கக் கூடாது" என்று எழுதச் சொல்லுங்கள். நடுவில் நீளம் போதவில்லை என்றால் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். நான் அதைக் கேட்காமல் போய்ப் படுத்துவிட்டேன்.

ஆவணியை மறந்துவிடுங்கள். என்னை மூன்று வாரம் சிறுநீர் டியூப்போடு வைத்திருந்தார்கள். உங்கள் ஆடி அதிலேயே போய்விடும்.

---

தியேட்டர் சிஸ்டர் (ஜூன் 5, பகல் 2.40)

அண்ணா, நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். இந்த ஆபரேஷனுக்குப் பல தடவை நின்றிருக்கிறேன். வாயில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும் என்பதால் எழுதுகிறேன்.

மயக்க மருந்துக் குழாயைப் பெரும்பாலும் மூக்கு வழியாக விடுவார்கள், வாய் காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக. மூக்கில் சதை, பழைய அடி ஏதாவது இருந்தால் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வாய்க்குத் தனி டிரே, கீழே தனி டிரே. வாயில் பட்ட கத்தி கீழே போகாது. உதட்டில் நூல் போட்டு இழுத்துப் பிடித்து, கன்னத்தின் உள்ளே மை பேனாவால் நீள்வட்டம் வரைவார்கள். வரையும் முன் எச்சில் குழாய் திறக்கும் புள்ளியைத் தேடிக் குறிப்பார்கள். அந்தச் சவ்வுக்கு அடியில் அட்ரினலின் கலந்த மருந்தை ஏற்றினால் கன்னம் உப்பி வெளுக்கும், ரத்தமும் குறையும். எடுத்த துண்டைப் பலகையில் குத்திவைத்து அடியில் இருக்கும் கொழுப்பையும் சதைநாரையும் கத்தரியால் சுத்தமாக எடுப்பார்கள். கையில் வாங்கினால் ஈரமான ரோஜா இதழ் மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது இது எப்படி அங்கே போய்ப் பிழைக்கும் என்று தோன்றியது.

நீங்கள் இப்போதே தொடங்க வேண்டியது: பல்லைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். சொத்தை, ஈறு வீக்கம் இருந்தால் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். வெற்றிலை போடும் பழக்கம் இருக்கிறதா? உங்கள் தொழிலில் பலருக்கு உண்டு என்பதால் கேட்கிறேன். ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்து குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி வைத்து வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள். பிறகு முதல் நாள் வெளியில் ஐஸ் ஒற்றடம். குளிர்ந்த பால், இளநீர், ஆறிய கஞ்சி. அப்புறம் குழைந்த தயிர்சாதம். காரம், சூடு, முறுக்கு இதெல்லாம் ஒரு மாதத்துக்கு வேண்டாம். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும்.

கன்னம் திடீரென்று கல் மாதிரி இறுகி வீங்கினால், அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டால், அல்லது சாப்பிடும் நேரத்தில் மட்டும் காதுக்கு முன்னால் வீங்கினால், ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

---

யூரோ டாக்டர் (ஜூன் 5, இரவு 9.50)

உங்களைச் சோதித்துப் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் சரி என்று நான் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்ல முடியும்.

இது புதுப் பரிசோதனை இல்லை. 1941இலேயே ஹம்பி என்ற இங்கிலாந்து மருத்துவர் ஒரு சிறுவனுக்கு வாய்ச் சவ்வை வைத்துச் சிறுநீர்ப்பாதையைச் சரிசெய்திருக்கிறார். பிறகு ஏறக்குறைய மறந்தே போனார்கள். 1992க்குப் பிறகுதான் உலகம் முழுவதும் பரவியது. உங்களைப் போல முன்பாதை முழுவதும் சுருங்கியவர்களுக்கு இரண்டு கன்னச் சவ்வையும் வைத்து ஒரே தடவையில் செய்யும் முறையைப் பிரபலமாக்கியவர் நம் புனேயைச் சேர்ந்த டாக்டர் சஞ்சய் குல்கர்னி. வாய்ச் சவ்வு எப்போதும் ஈரத்திலேயே இருந்து பழகியது, கிருமிக்கு ஈடுகொடுப்பது. மேல்படலம் தடிப்பு, அடிப்படலம் மெல்லியது, அதனால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஒட்டு மாங்கன்று போலத்தான். முதல் இரண்டு நாள் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி உயிரோடு இருக்கும், அடுத்த இரண்டு நாளில் ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணையும். அந்த நாட்களில் அசையாமல் படுத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

இனி வாய். கண்டக்டர் ஐயா உதட்டைப் பற்றி எழுதியது அப்படியே உண்மை. கீழ் உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பின் கிளைகள் சவ்வுக்கு வெகு அருகில் ஓடுகின்றன. மரப்பு, உதடு உள்ளே இழுத்துக்கொள்வது இரண்டும் கன்னத்தைவிட உதட்டில் எடுப்பவர்களுக்குத்தான் அதிகம். நாக்கின் அடிப்பக்கத்திலும் எடுப்பதுண்டு. அதில் சில வாரங்கள் பேச்சு குழறும், நாக்கை நீட்டுவது குறையும், சிலருக்கு அது நீடிக்கும். துத்துகாரம் தெரிந்தவருக்கு அந்த யோசனையே வேண்டாம் என்பேன். ஆகவே உங்களுக்குக் கன்னம்தான் சரியான இடம். அங்கே மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

மேல்தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேராகக் கன்னத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும், நாக்கால் தடவிப் பாருங்கள். அதுதான் எச்சில் குழாயின் வாய். எடுப்பது அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். முன்பக்கம் உதட்டோரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டராவது தள்ளியிருந்தால் வாயோரம் சுருங்காது. அகலம் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் தைத்து மூடும்போது கன்னம் இழுக்கும். தைப்பதா, திறந்தே விடுவதா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. திறந்து விட்டாலும் தானாகவே மூடிக்கொள்ளும். உங்கள் டாக்டர் எதைச் செய்வார், ஏன் என்று கேளுங்கள். அந்த உரையாடலுக்கு நாயனத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முன்னால் ஊதிக் காட்டுங்கள். எந்த இடம் உப்புகிறது, எங்கே அழுத்தம் விழுகிறது என்று கண்ணால் பார்த்தால் அவர் கோடு போடும் இடம் மாறக்கூடும்.

இன்னொன்று. சிஸ்டர் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே கன்னச் சவ்வை நார் நாராக இறுக்கும். வாய் மூன்று விரல் திறக்கிறதா, கன்னத்தின் உட்புறம் வெளுத்துப் போயிருக்கிறதா என்று பல் டாக்டரிடம் காட்டுங்கள். இறுகிய சவ்வு ஒட்டுக்கு உதவாது, எடுத்த இடமும் இன்னும் இறுகும்.

கன்னமே கொடுக்க முடியாது என்ற நிலை வந்தால் வாயைத் தொடாத வழியும் ஒன்று உண்டு. விதைப்பைக்குப் பின்னால் சிறுநீருக்குப் புது வாசல் வைப்பது. உட்கார்ந்துதான் போக வேண்டியிருக்கும். பலர் அதைக் கேட்டவுடன் வேண்டாம் என்கிறார்கள், ஆனால் செய்துகொண்டவர்கள் நிம்மதியாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகே நீங்கள் முடிவெடுக்க வேண்டும். இடையில் ஒரேயடியாக அடைத்துக்கொண்டால் அடிவயிற்றில் டியூப் போட்டுக்கொண்டு காத்திருக்கலாம், அவசரப்பட்டு உள்ளே வெட்ட விடாதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா?

ஆவணி முடியாது. டியூப் எடுத்த பிறகும் அடிவயிற்றை அழுத்தி ஊதுவது, சம்மணமிட்டு மூன்று மணி நேரம் உட்காருவது இரண்டும் கீழே உள்ள தையலுக்கு ஆகாது.

---

சீவாளி (ஜூன் 9, இரவு 10.30)

எல்லோருக்கும் நன்றி. கிரியாட்டினின் 1.1, பயப்பட வேண்டாம் என்றார்கள்.

17 வயதிலிருந்து வெற்றிலை சீவல் போடுகிறேன், புகையிலை இல்லை. பதில் சொல்லத் தயக்கமாக இருந்தது. பல் டாக்டர் பார்த்தார். மூன்று விரல் திறக்கிறது. வலது பக்கம் ஒதுக்கி ஒதுக்கி அங்கே மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு, இறுக்கம் இன்னும் வரவில்லை என்றார். அன்றே சீவல் டப்பாவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்று நாயனத்தோடு போனேன். டாக்டர் அறையில் ஊதினால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும் என்பதால் மாடிக்கு அழைத்துப் போனார். மத்யமாவதியில் நாலு வரி வாசித்தேன். அவர் விரலை என் கன்னத்தில் வைத்து அழுத்தம் எங்கே வருகிறது என்று பார்த்தார். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது வாயோரம்தான் இறுகுகிறது, பின்கன்னம் அவ்வளவாக இல்லை. "அப்படியானால் நான் பின்னாலேயே நிற்கிறேன்" என்று சொல்லி என் சீட்டில் படம் வரைந்து வைத்துக்கொண்டார். உதடு வேண்டாம், நாக்கு வேண்டாம் என்று அவரே சம்மதத் தாளில் எழுதினார். நீளம் போதாவிட்டால் அந்த அளவுக்குச் செய்து நிறுத்திவிட்டு மீதியை இரண்டாவது கட்டமாகப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஆடி முதல் வாரம் தேதி. ஆவணி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புரட்டாசியில் எப்படியும் கல்யாணம் இல்லை. ஐப்பசிக்குப் பார்க்கலாம்.

---

சீவாளி (அக்டோபர் 27, இரவு 9.15)

கேட்டு எழுதிய எல்லோருக்கும் நிலவரம் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

இரண்டு கன்னத்திலும் எடுத்தார்கள், நீளம் போதும்படி இருந்தது. டியூப் 22 நாள். எடுக்கும் முன் பக்கவாட்டில் மருந்து விட்டு எக்ஸ்ரே பார்த்தார்கள், கசிவு இல்லை. போன வாரம் ஓட்டம் நொடிக்கு 21 மில்லி.

கண்டக்டர் அண்ணா சொன்னது போல முதல் நாலு நாள் வாய்தான் கஷ்டம். இரண்டு பக்கமும் என்பதால் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் வலி. பாலாடை உதவியது. வீட்டில் இல்லை, பாத்திரக் கடையில் வாங்கிவந்தார்கள்.

ஏழாவது வாரம் டாக்டர் அனுமதி கொடுத்தார், நாயனம் இல்லாமல் சீவாளி மட்டும். திருவாவடுதுறையில் வாங்கிய பழைய சீவாளி, நன்றாகப் பதப்பட்டது, அதைத்தான் எடுத்தேன். தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்ததும் உதட்டில் அதன் சொரசொரப்பு தெரிந்தது. அது தெரிந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. சத்தம் உடனே வந்தது. இடது ஓரத்தில் காற்று ஒழுகியது. பத்து நாளில் அது நின்றது. துத்துகாரம் பழையபடி விழுகிறது. மேல் ஸ்தாயியில் இடது கன்னம் முழுசாக விரியவில்லை, ஒரு நூல் உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கிறது. டாக்டர் விரல் விட்டுப் பார்த்து, தழும்பு இன்னும் இளகவில்லை, உள்ளே விரலும் வெளியே கட்டைவிரலும் வைத்து மெல்லத் தேய்த்துவிடுங்கள் என்றார்.

நேற்று ஐப்பசி முகூர்த்தம். ஆலாபனையைத் தம்பிக்கு விட்டுவிட்டு நான் சின்னக் கீர்த்தனைகளாக எடுத்துக்கொண்டேன். கெட்டிமேளத்துக்கு இருவரும் சேர்ந்து வாசித்தோம். 40 நிமிடத்துக்கு மேல் போனால் இடது பக்கம் அலுக்கிறது. அலுத்தால் நிறுத்திவிடுகிறேன்.

ஐஸ் குச்சி இன்று 18.

---

பழைய கண்டக்டர் (அக்டோபர் 28, காலை 5.50)

தம்பி, எனக்கு 19இல் நின்றது. விடாமல் செய்யுங்கள். காலையில் வெந்நீர் ஒற்றடம் கொடுத்துவிட்டு வைத்தால் இன்னும் ஒன்று நுழையும்.